வாங்கப் போறது வெளிச்சமா, தூரமா?

"எப்ப மச்சான் 2.8க்கு மாறப் போற?"

ஆறு மாசமா இந்தக் கேள்வி என்னைத் துரத்துது. ஹட்டன்ல கமரா தூக்குற பசங்க ரெண்டு பேர் ஒரு டீக்கடையில சந்திச்சா, மூணாவது நிமிசம் பேச்சு அங்கதான் போய் நிற்கும். கெனன் 70–200, எஃப் 2.8. அந்த வெள்ளை லென்ஸ். அது கையில இருந்தா நீங்க போட்டோகிராஃபர். இல்லாட்டி 'போட்டோ எடுக்கிற பையன்'.

என்கிட்ட இருக்கிறது 55–250. நீட்டினா எஃப் 5.6க்கு இறங்கிரும் சாதாரண லென்ஸ். எடை 375 கிராம். மாறச் சொல்ற லென்ஸின் இரண்டாம் பதிப்பு 1,490 கிராம். 5.6லிருந்து 2.8 என்றால் ரெண்டு ஸ்டொப். அதாவது நாலு மடங்கு வெளிச்சம். நாலு மடங்கு வெளிச்சத்துக்கு நாலு மடங்கு பாரம், நியாயமான வியாபாரம் மாதிரித்தான் தெரியும். விலையைக் கேட்கும் வரைக்கும். பாவித்த லென்ஸ் ஒன்றுக்கு என்னிடம் சொன்ன விலை 2,85,000 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஒரு அம்மா மலையேறி இறங்கின 211 நாள் அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கு.

ஆனா நான் வேண்டாம் என்று முடிவெடுத்ததற்குக் காரணம் காசு மட்டுமில்ல. காசு இருந்தாலும் வாங்க மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கோபப்படுற நண்பர்கள் கடைசி வரைக்கும் வாசிச்சிட்டுக் கோபப்படுங்க.

போன மாசம் ஒரு நண்பனிடம் அந்த லென்ஸை ரெண்டு நாளைக்கு இரவல் வாங்கினேன். ரோட்டோரத்துல நின்றுகொண்டு எதிர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவை 200இல் இழுத்து எடுத்தேன். முகம் கத்தி மாதிரிக் கூர்மை, பின்னால எல்லாம் பச்சையாய்க் கரைஞ்சு போச்சு. பேஸ்புக்கில் 'மலையகத்தின் தேவதை' என்று போட்டேன். லைக் கொட்டுச்சு. அடுத்த நாள் என்னோடு ஏ.எல். படித்த பிள்ளையிடமிருந்து ஒரு மெசேஜ். இப்ப கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யுது.

"அது எங்கம்மா. கேட்டா எடுத்த? பேரைக்கூடப் போடல."

படத்தை எடுத்துவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன். ஆனா அந்தப் பிள்ளை கேட்டதுக்குப் பதில் என்னிடம் இல்ல. ஒரே ஸ்கூலுக்குப் போன பிள்ளையின் அம்மா. அவங்க வீட்டுல நான் தேத்தண்ணி குடிச்சிருக்கேன். 200 மில்லிமீற்றருக்குள்ள பார்த்தபோது எனக்கு அவங்களை அடையாளம் தெரியல. ரோட்டு வளைவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு எடுக்கிற சுற்றுலாப் பயணிக்கு என்ன தெரிஞ்சுதோ அதுதான் எனக்கும் தெரிஞ்சுது: கூடை, கொழுந்து, சிரிப்பு.

இப்ப கணக்குக்கு வருவோம். 2.8 வேணும் என்கிறவங்க எல்லாரும் சொல்ற காரணம் வெளிச்சம். நம்ம ஊர்ல மழை, மப்பு, நாலு மணிக்கே இருட்டு. சரி. அப்படியானால் கெனன் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பாருங்க. 160 கிராம்தான். 2.8ஐ விட ரெண்டு மடங்குக்கும் மேல் வெளிச்சம் உள்ளே விடும். விலை அதில் ஒரு சின்னத் துண்டு. வெளிச்சம்தான் பிரச்சினை என்றால் பிரச்சினை அங்கேயே தீர்ந்திடுது. அது பத்தாது என்றால், நமக்கு வேண்டியது வெளிச்சம் இல்ல; தூர நின்றபடியே கிடைக்கிற வெளிச்சம். லட்சங்களைக் கொட்டி வாங்குறது அந்தத் தூரத்தைத்தான்.

மிஸ்ட் விசயத்திலும் அப்படித்தான். 'மிஸ்ட்டுக்கு 2.8 வேணும்' என்று ஒருத்தர் சொல்ல எல்லாரும் தலையாட்டுறோம். எவ்வளவு அகலமாத் திறந்தாலும் லென்ஸ் மிஸ்ட்டைக் கிழிக்காது. உங்களுக்கும் ஆளுக்கும் நடுவில் எவ்வளவு மிஸ்ட் இருக்கோ அவ்வளவும் படத்தில் சாம்பலாய் விழும். அதைக் குறைக்க ஒரே வழி, நடந்து கிட்டப் போறது.

அப்புறம் அந்தப் 'பெக்ரவுண்ட் புளர்'. 200இல் 2.8 திறந்து பத்து மீற்றரில் ஒருவரை எடுத்தால், நம்மள மாதிரி சின்ன சென்சர் கமராவில் கூர்மையாக விழுவது ஏறக்குறைய ஓரடி ஆழம்தான். மற்றதெல்லாம் கரையும். என்ன கரையுது என்று யோசிச்சோமா? பின்னால இருக்கிறது லயம், தகரக் கூரை, தராசு, கங்காணி, இடுப்பில படங்கு கட்டி வரிசையாய் நிற்கிற மற்றப் பொம்பளைங்க. இவ்வளவையும் அழிச்சிட்டு ஒரு சிரிச்ச முகத்தை மட்டும் எடுத்தால் அது தேயிலைப் பெட்டிக்கு மேல ஒட்டுற படம். நாம செய்தால் மட்டும் வேற படமாகிடாது.

'கிட்டப் போனால் எல்லாம் சரியா?' என்று கேட்பீங்க. இல்ல. அதுக்குச் சாட்சி பொகவந்தலாவையிலேயே இருக்கு. ஸ்கூல் வரலாற்றுப் புத்தகத்தில் கோல்புறூக்–கமரன் என்று மனப்பாடம் பண்ணினோமே, அந்தக் கமரனின் மனைவி ஜூலியா மார்கரெட் கமரன். உலகப் புகைப்பட வரலாற்றில் பெரிய பெயர். ஆளை முட்டுற அளவுக்குக் கிட்டப் போய் முகம் எடுத்தவர். கணவரின் கோப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு 1875இல் வந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்தார். ரெண்டு பேரின் கல்லறையும் பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்தில் இருக்கு. இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசனுக்கும் டார்வினுக்கும் பெயர் இருக்கு. வீட்டில் வேலை செய்த மேரி ஹில்லியருக்கும் பெயர் இருக்கு. இலங்கையில் எடுத்த படங்களில் இருக்கிற நம்ம ஆட்களில் பெரும்பாலானோருக்கு அது இல்ல. கிட்டப் போனார், பேர் எழுதல.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் சொல்றோம். கிலோ காணாட்டி அரைப் பேர். முழுப் பேருக்காக நாள் முழுக்க மலையில் நிற்கிறவங்களுக்கு நம்ம படத்துக்குக் கீழே அரைப் பேர்கூட விழுறதில்ல.

எதிர்க் கேள்விகளையும் பார்ப்போம். 'கிட்டப் போனால் போஸ் குடுப்பாங்க, இயல்பு போயிடும்.' முதல் நாள் குடுப்பாங்க. நாலாவது நாள் உங்களைக் கண்டுக்கவே மாட்டாங்க. நாலு நாள் போக நமக்குப் பஞ்சி, அதுக்குத்தான் லென்ஸ். 'வேலையைக் குழப்பக் கூடாது.' இது உண்மையான நியாயம். கொழுந்து கிலோக் கணக்கு. நாம பேச்சுக் குடுக்கிற ஒவ்வொரு நிமிசமும் அவங்க கூடையில குறையும். அதனால வேலை நடக்கும்போது மறிக்காதீங்க. நிறுவை நேரத்தில், தேத்தண்ணி நேரத்தில், அந்தியில் லயத்துக்குப் போங்க. 'காமன் கூத்து ராத்திரியில நடக்குதே?' நம்ம தோட்டத்துக் கூத்துல நமக்கு முன் வரிசையில இடம் இல்லையா? 'கலியாண ஓர்டர்?' அது தொழில். அன்றைக்கு வாடகைக்கு எடுங்க. ஓர்டர் நிறைய வந்தால் வாங்குங்க, அதுல எனக்குச் சண்டை இல்ல. குருவிக்கும் சிறுத்தைக்கும் நீள லென்ஸ் வேணும்தான். அங்க தள்ளி நிற்கிறதுதான் மரியாதை. மனுசருக்கும் அதே லென்ஸை அதே மாதிரிப் பிடிக்கிறதுதான் என் பிரச்சினை.

நான் 50 மி.மீ. ஒன்று வாங்கிட்டேன். போன ஞாயிறு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். முதல்ல திட்டு வாங்கினேன். பிறகு, "எடுக்கிறதுன்னா நல்லா எடு தம்பி, மகளுக்கு அனுப்பணும்" என்று சொல்லிட்டு உள்ளே போய் வேற சேலை கட்டிட்டு வந்தாங்க. மலையில நின்ற கோலத்தில் தன்னைப் பார்க்க அவங்களுக்கு விருப்பமில்ல. இது எனக்கு ரோட்டுல நின்றபோது தெரிய வாய்ப்பே இல்ல. படத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பேஸ்புக்கில் போடல; போட வேண்டாம் என்று சொன்னாங்க.

லென்ஸ் மாத்த நினைக்கிற நண்பர்களே, ஒரு சின்ன வேலை. இதுவரை நீங்க போட்ட கொழுந்தெடுக்கிற படங்களைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஆளின் பேரை எழுதிப் பாருங்க. எத்தனைக்கு எழுத முடியுது என்று எண்ணிட்டு, பிறகு கடைக்குப் போங்க.