ஒரு கையெழுத்தின் எடை

1981 ஜூலை 17. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில், ஹயாத் ரீஜென்சி ஹோட்டல் லாபியில் நடன நிகழ்ச்சி. மேலே ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொங்கிய இரண்டு நடைபாலங்கள் கூட்டத்தின் மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள்.

காரணம்? டிசைன்படி ஒரே நீளக் கம்பிகளில் இரண்டு பாலமும் தொங்கணும். வேலை சுலபமாகணும்னு கம்பியை இரண்டு துண்டாக்கினாங்க. கீழ்ப்பாலம் மேல்பாலத்திலிருந்தே தொங்கியது. மேல்பாலத்து நட்டுக்கு இரட்டை லோடு. யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலை.

மாற்றத்தைக் கேட்டது ஃபேப்ரிகேட்டர். டிராயிங்கில் முத்திரை வைத்தது பொறியாளர்கள். உரிமம் பறிபோனதும் அவங்களுக்குத்தான். அது நியாயம்தான். கையெழுத்துன்னா 'நான் பார்த்தேன்'னு அர்த்தம். 'அடுத்தவர் பார்த்திருப்பார்'னு இல்லை.

ரெக்கார்டு நோட்டில் பக்கத்து பெஞ்ச் ரீடிங்கைக் காப்பியடிக்கும்போதே, பார்க்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் தொடங்கிடுது.