உளவுத்துறை உத்தியோகம்: துப்பாக்கி வேண்டாம், படிப்பு வேண்டும்!

"அம்மா, நான் மேலே படிக்கப் போகிறேன்."

"பி.ஏ. முடித்தாகிவிட்டது. இன்னும் என்னடி படிப்பு?"

"ராணுவம், உலக விவகாரம் பற்றிய எம்.ஏ. படிப்பும்மா. உளவுத்துறை வேலைக்கு உதவும்."

"ஐயய்யோ! பொம்பளைப் பிள்ளை ஒற்றர் வேலைக்கா போவாள்? ஊர் என்ன சொல்லும்?"

அனகாபுத்தூர் போன்ற ஊர்களில் இப்படிப் பேச்சு எழும் வீடுகள் உண்டு. பாட்டன் தறியில் உட்கார்ந்தார். தகப்பன் கம்பெனிக்குப் போனார். பேத்தியோ பட்டதாரி. அவளுக்கு உத்தியோகம் வேண்டும். அது கவுரவமான உத்தியோகமாக இருக்க வேண்டும்.

தாய் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. உளவு என்றால் என்ன? கறுப்புக் கண்ணாடி, தொப்பி, கையில் துப்பாக்கி, இருட்டில் கார் ஓட்டம். சினிமா காட்டியது அதுதான். ஆனால் உளவுத்துறையில் இன்னொரு வேலை உண்டு. அதற்குத் துப்பாக்கி தேவையில்லை. மேஜை, நாற்காலி, காகிதம், கம்ப்யூட்டர், பொறுமை. இவ்வளவுதான். வரும் செய்திகளைப் படித்து, சலித்து, எடைபோட்டு, "இனி இது நடக்கலாம்" என்று முன்கூட்டிச் சொல்லும் வேலை அது. அதற்கு உளவுத் தகவல் ஆய்வு என்று பெயர்.

தறி சொல்லும் பாடம்

இந்த வேலை என்ன என்பதை அனகாபுத்தூரின் கதையை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

ஒரு காலத்தில் இந்த ஊர்த் தறிகளில் "மெட்ராஸ் கைக்குட்டை" என்று பெயர் பெற்ற கட்டம் போட்ட துணி நெய்யப்பட்டது. பெயர்தான் கைக்குட்டை. உண்மையில் அது உடுத்தும் துணி. ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியா நாட்டு மக்கள் அதை விரும்பி வாங்கினார்கள். கல்யாணம், திருவிழா என்றால் அங்கே இந்தத் துணிக்குத் தனி மதிப்பு.

1970களில் நைஜீரியா சர்க்கார் வெளிநாட்டுத் துணி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அங்கே ஒரு கையெழுத்து. இங்கே தறிகள் நின்றன. பலர் தொழிலை விட்டார்கள். எஞ்சியவர்கள் வேறு சேலைகளுக்கு மாறினார்கள். பிற்காலத்தில் வாழை நாரில் சேலை நெய்து இந்த ஊர் மறுபடியும் பெயர் வாங்கியது.

எங்கோ இருக்கும் ஒரு நாட்டின் முடிவு, பல்லாவரத்துக்குப் பக்கத்து ஊரில் அடுப்பை அணைத்தது. "அந்த நாட்டில் உள்ளூர் ஆலைகள் பெருகுகின்றன. அந்நியத் துணி வேண்டாம் என்ற பேச்சு கிளம்புகிறது. வேறு சந்தை தேடுங்கள்" என்று இரண்டு வருடம் முன்பே ஒருவர் சொல்லியிருந்தால்? அப்படிச் சொல்வதுதான் ஆய்வாளர் வேலை. வியாபாரத்தில் அந்த எச்சரிக்கை தவறினால் கூலி போகும். நாட்டுப் பாதுகாப்பில் தவறினால் உயிர் போகும்.

கார்கில் கற்பித்தது

1999-ம் ஆண்டு மே மாதத் தொடக்கம். காஷ்மீரில் கார்கில் மலைப்பகுதி. தாஷி நாம்கியால் என்ற மலைவாசி, காணாமல் போன தம் எருமையைத் தேடிப் போனார். "யாக்" எனப்படும் சடை எருமை அது. தூரக்கண்ணாடி வழியாக மலை உச்சியைப் பார்த்தார். யாரோ சிலர் பனியைத் தோண்டிப் பதுங்கு குழி அமைத்துக்கொண்டிருந்தார்கள். உடனே ராணுவத்திடம் ஓடினார்.

எல்லை தாண்டி வந்தவர்களைப் பற்றிக் கிடைத்த முதல் தகவல்களில் அது ஒன்று. பிறகு நடந்த போரில் நம் வீரர்கள் 527 பேர் உயிர் கொடுத்தார்கள். தமிழ்நாட்டு வீரர்களும் அவர்களில் உண்டு.

"இவ்வளவு பெரிய நாட்டுக்கு முன்கூட்டியே தெரியாமல் போனது எப்படி?" என்று மக்கள் கேட்டார்கள். அதை விசாரிக்க 1999 ஜூலையில் மத்திய சர்க்கார் ஒரு கமிட்டி அமைத்தது. அதற்குத் தலைவர் கே.சுப்பிரமணியம். திருச்சியில் 1929-ல் பிறந்த தமிழர் அவர்.

கமிட்டி என்ன சொன்னது? ஊடுருவல் நாட்டுக்கு முழு அதிர்ச்சியாக வந்தது என்றது. துண்டு துண்டாகச் சில தகவல்கள் முன்பே வந்திருந்தன. ஒன்று இந்த இலாகாவில் கிடந்தது. இன்னொன்று அந்த இலாகாவில் கிடந்தது. அவற்றை ஒன்று சேர்த்து எடைபோடும் ஏற்பாடு பலவீனமாக இருந்தது.

நூல் இருந்தது. பாவு ஓட்டி நெய்ய ஆள் போதவில்லை!

சுப்பிரமணியம் படித்த படிப்பு என்ன தெரியுமா? சென்னை மாநிலக் கல்லூரியில் ரசாயனம். எம்.எஸ்ஸி. பட்டம் பெற்று, ஐ.ஏ.எஸ். அதிகாரியானார். பிறகு லண்டனில் ராணுவ விவகாரங்களை ஆராய்ந்தார். டில்லியில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநரானார். 1977 முதல் 1979 வரை, பல இலாகாக்களின் உளவுத் தகவல்களை ஒன்று சேர்த்துப் பார்க்கும் கூட்டுக் கமிட்டிக்குத் தலைவராக இருந்தார். ரசாயனம் படித்தவர் உலகத்தைப் படித்தார். எந்தப் பட்டமும் இதற்குத் தடையல்ல என்பதற்கு அவரே சாட்சி.

ஒரு சொல், பல அர்த்தம்

இந்த வேலையில் செய்தியை அறிவது பாதி. அதைத் தெளிவாக எழுதுவது மீதி.

அமெரிக்காவில் ஷெர்மன் கென்ட் என்பவர் இருந்தார். ஏல் பல்கலைக்கழகத்தில் சரித்திரப் பேராசிரியர். பிறகு உளவு ஆய்வுக்கு வந்தார். 1951-ல் அவரும் சகாக்களும் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினார்கள். யூகோஸ்லாவியா நாட்டின் மீது அந்த ஆண்டு படையெடுப்பு நடக்க "கணிசமான வாய்ப்பு" உண்டு என்பது அதன் சாரம்.

சில நாள் கழித்து ஒரு பெரிய அதிகாரி கேட்டார்: "கணிசமான வாய்ப்பு என்றால் நூற்றுக்கு எத்தனை?"

"அறுபத்தைந்து" என்றார் கென்ட். அதிகாரிக்கு ஆச்சரியம். அவர் மிகக் குறைவாக நினைத்திருந்தார்.

கென்டுக்குச் சந்தேகம் வந்தது. சகாக்களையே கேட்டார். ஒருவர் நூற்றுக்கு 20 என்றார். இன்னொருவர் 80 என்றார். ஒரே சொல்லுக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டவர்கள், மனத்தில் வெவ்வேறு கணக்குப் போட்டிருந்தார்கள்!

"மழை வந்தாலும் வரும்" என்று வீட்டில் சொன்னால் நஷ்டம் இல்லை. "போர் வந்தாலும் வரும்" என்று சர்க்காருக்கு எழுத முடியுமா? எவ்வளவு நிச்சயம், எதை வைத்துச் சொல்கிறோம், எது தெரியவில்லை என்று பிரித்து எழுத வேண்டும். மேல்படிப்பு இந்தப் பழக்கத்தைத்தான் கொடுக்க வேண்டும்.

நமக்கு இது புதிதல்ல. திருக்குறளில் "ஒற்றாடல்" என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஓர் ஒற்றன் கொண்டு வந்த சேதியை அப்படியே நம்பாதே, மற்றவர் சேதியோடு ஒப்பிட்டுப் பார் என்பது வள்ளுவர் தரும் பாடம்.

சென்னைவாசி பி.ராமன்

இன்னொரு தமிழரையும் சொல்ல வேண்டும். பி.ராமன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத் தொழில் படித்துப் பத்திரிகையாளராக வேலை பார்த்தார். 1961-ல் ஐ.பி.எஸ். அதிகாரியானார். 1968-ல் வெளிநாட்டு உளவுக்காக "ரா" என்ற தனி இலாகா ஏற்பட்டது. அதில் ராமன் பணியாற்றினார். 1988 முதல் 1994 வரை அதன் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவுக்குத் தலைவர்.

ஓய்வு பெற்றதும் சென்னைக்கு வந்தார். நாள்தோறும் உலகச் செய்திகளைப் படித்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 2013-ல் காலமாகும் வரை அவர் பேனா ஓயவில்லை. பத்திரிகையை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தவர் உளவு ஆய்விலும் சிறக்க முடியும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

எங்கே படிக்கலாம்?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் போர்த்திறவியல் துறை இருக்கிறது. வேளச்சேரி குருநானக் கல்லூரியிலும் இந்தப் படிப்பு உண்டு. அனகாபுத்தூரிலிருந்து வீட்டுச் சாப்பாடு கட்டிக்கொண்டு போய் வரும் தூரம்தான்.

வெளியூர் போக முடிந்தவர்களுக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அரசியல், உலக உறவு பற்றிய படிப்பு உண்டு. டில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம் இத்துறையில் பெயர் பெற்றது. குஜராத்தில் ராஷ்டிரிய ரக்ஷா பல்கலைக்கழகம் இருக்கிறது. பாதுகாப்புப் படிப்புகளுக்கென்றே 2020-ல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் அது தேசிய நிறுவனமாக்கப்பட்டது.

சரித்திரம், பூகோளம், பொருளாதாரம், புள்ளியியல், கம்ப்யூட்டர் படித்தவர்களும் இந்த வழிக்கு வரலாம். கூடவே ஓர் அந்நிய பாஷை கற்பது பெரிய பலம். சீனம், அரபி, ரஷ்யன் எதுவானாலும் சரி.

கதவு எங்கே இருக்கிறது?

இங்கேதான் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். எம்.ஏ. பட்டம் வாங்கியதும் உளவுத்துறை கூப்பிட்டு வேலை கொடுக்காது.

உள்நாட்டு உளவுத்துறையான ஐ.பி. 1887-ல் தொடங்கியது. அதில் சேரப் பகிரங்கமான பரீட்சை இருக்கிறது. "ஏ.சி.ஐ.ஓ." என்பது பதவியின் பெயர். ஏதாவது ஒரு பட்டம் போதும். 2025 ஜூலையில் வந்த அறிவிப்பில் மட்டும் 3,717 இடங்கள். வயது 18 முதல் 27 வரை. சில பிரிவினருக்கு வயதில் சலுகை உண்டு. அடிப்படைச் சம்பளம் ரூ.44,900-ல் தொடங்குகிறது.

முதலில் 100 மார்க் பரீட்சை. நடப்புச் செய்தி, பொது அறிவு, கணக்கு, சிந்தனைத் திறன், ஆங்கிலம் ஆகியவை பாடங்கள். தப்பான விடைக்குக் கால் மார்க் குறையும். அடுத்து 50 மார்க்குக்குக் கட்டுரை முதலியன எழுத வேண்டும். கடைசியில் 100 மார்க் நேர்முகத் தேர்வு. பெண்களும் எழுதலாம். வேலை கிடைத்தால் இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் மாற்றுவார்கள். வேலை விஷயத்தை வீட்டிலும் பேசக்கூடாது.

"ரா" இலாகாவுக்கு இப்படிப் பொதுப் பரீட்சை கிடையாது. மற்ற சர்வீஸ்களில் உள்ள அதிகாரிகளிலிருந்து ஆள் எடுப்பது அங்கே வழக்கம்.

மேல்படிப்பு வீணா? இல்லை. கட்டுரைக்கும் நேர்முகத்துக்கும் அது கை கொடுக்கும். ஆனால் படிக்கும் காலத்திலேயே பரீட்சைக்கும் தயாராக வேண்டும். இரண்டு வருடம் படித்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்றால் வயது ஓடிவிடும்.

ஏமாற வேண்டாம்

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் உளவு ஆய்வுக்கென்றே எம்.ஏ. உண்டு. அமெரிக்காவில் மெர்சிஹர்ஸ்ட் என்ற கல்லூரி 1992-லேயே இந்தப் படிப்பைத் தொடங்கியது. படிப்பு நல்ல படிப்புதான். செலவோ பல லட்சம். அந்த நாட்டு உளவு வேலைகள் அந்த நாட்டுப் பிரஜைகளுக்கே. வீட்டை அடமானம் வைத்து அனுப்பும் முன் பெற்றோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

"உளவுத்துறையில் ஆள் இருக்கிறது, பணம் கொடுத்தால் வேலை" என்று எவனாவது சொன்னால், அவனைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும். உண்மையான அறிவிப்பு உள்துறை அமைச்சகம் மூலமாகவே வரும்.

பக்கத்துக் கதவுகள்

ஐ.பி. கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது. செய்தியை எடைபோடும் திறமைக்கு வேறு இடங்களிலும் வேலை உண்டு.

அனகாபுத்தூருக்குப் பக்கத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம். அங்கே கடத்தல் தங்கம் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. எந்தப் பயணியைச் சோதிப்பது என்று தீர்மானிப்பதற்குப் பின்னாலும் தகவல் ஆய்வு இருக்கிறது. வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் 1957-லேயே ஏற்பட்டது. சுங்க அதிகாரி வேலைக்குப் பட்டதாரிகளுக்கு மத்திய சர்க்கார் பரீட்சை நடக்கிறது.

பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். பாங்குகளில் மோசடிப் பணத்தைக் கண்டுபிடிக்கவும், கம்ப்யூட்டர் திருடர்களைக் கவனிக்கவும் ஆட்கள் தேவை.

இன்றே தொடங்கலாம்

இதற்கு முதல் பயிற்சி வீட்டிலேயே இருக்கிறது. ஒரு செய்தியை இரண்டு பத்திரிகைகளில் படிக்க வேண்டும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நோட்டில் எழுத வேண்டும். "இதைச் சொன்னது யார்? அவருக்கு எப்படித் தெரியும்? அடுத்த மாதம் என்ன நடக்கும்?" என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும். அடுத்த மாதம் நோட்டைத் திறந்து, தப்பாகச் சொன்ன இடத்தில் தானே சிவப்புக் கோடு போட வேண்டும். அந்தச் சிவப்புக் கோட்டுக்கு வெட்கப்படாதவரே இந்த வேலைக்கு ஏற்றவர்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இது கஷ்டமல்ல. அறுந்த நூலை விளக்கு வெளிச்சத்தில் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்ட கைகள் அந்த வீட்டில் இருக்கின்றன. அதே பொறுமை பேத்தியின் கண்ணுக்கு வந்தால் போதும்.

"ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்ட தாய்க்கு ஒரு வார்த்தை: நாட்டுக்கு வரும் ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் பெண்ணை ஊர் பழிக்காது. ஒன்று மட்டும் உண்டு. அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது ஊருக்குத் தெரியவே தெரியாது!