பச்சை லைட்டை நம்பாதீங்க பாஸ்!

சனிக்கிழமைன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மேட்னி ஷோ, ஹாஸ்டல் மெஸ் பூரி, 'க்ரூப் ஸ்டடி'ங்கிற பேர்ல ஒரு நல்ல தூக்கம். திருப்பூர்ல சனிக்கிழமைக்கு ஒரே அர்த்தம்தான்... சம்பளம்! பனியன் கம்பெனிகள்ல வாரக் கூலி. சாயங்காலம் பணம் கைக்கு வந்தாத்தான் மளிகைக் கடை பாக்கி, ஞாயித்துக்கிழமை கறி எல்லாம்.

அப்படி ஒரு சனிக்கிழமை காலை 11 மணிக்கு, நான் இன்டர்ன்ஷிப் பண்ற எக்ஸ்போர்ட் கம்பெனியில (பேரெல்லாம் கேக்காதீங்க!) ஈ.ஆர்.பி. சர்வர் அப்படியே உறைஞ்சு நின்னுடுச்சு. டெய்லர்களோட பீஸ் ரேட் கணக்கு, பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் மொத்தமும் அதுக்குள்ள. ஸ்க்ரீன்ல ஒரே ஒரு மெசேஜ்: டிஸ்க்ல இடமில்லை, மறுபடி முயற்சி பண்ணட்டுமா, வேண்டாமா?

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காத நண்பர்களுக்காக ஒரு நிமிஷம். நம்ம ஊர்ல ஒரே ஷெட்டைத் தடுத்து மூணு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு வாடகைக்கு விடுவாங்களே, விர்ச்சுவல் மெஷின் அதேதான். ஷெட்டுதான் நிஜ சர்வர். உள்ளே ஈ.ஆர்.பி.க்கு ஒண்ணு, பயோமெட்ரிக் வருகைப் பதிவுக்கு ஒண்ணு, ஃபைல் வைக்க ஒண்ணுன்னு தனித்தனி மெஷின்கள். ஒவ்வொண்ணும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர்னு நினைச்சுக்கிட்டு ஓடும். ஆனா குடோன் பொது! அதுக்குப் பேரு டேட்டாஸ்டோர். எங்க குடோன்ல ஒரு இன்ச் கூட இடமில்லை.

யார் அடைச்சது? 'ஸ்நாப்ஷாட்'. ராத்திரி பேக்கப் எடுக்கிற சாஃப்ட்வேர், ஓடிக்கிட்டிருக்கிற மெஷினை நிறுத்தாம காப்பி எடுக்க ஒரு தந்திரம் பண்ணும். பழைய டிஸ்க்கை அப்படியே மூடி வெச்சிட்டு, "இனிமே வர்ற மாத்தத்தையெல்லாம் இந்தப் புது நோட்டுல எழுது"ன்னு ஒரு டெல்டா ஃபைலைத் திறந்து கொடுக்கும். காப்பி முடிஞ்சதும் நோட்டுல இருக்கிறதைப் பழைய கணக்கோட சேர்த்துட்டுப் போயிடணும். எங்க விஷயத்துல 23 நாளுக்கு முன்னாடி பேக்கப் பாதியில அறுந்து போச்சு. நோட்டை யாரும் மூடலை. அது பாட்டுக்கு 190 ஜி.பி. வரைக்கும் வளர்ந்துடுச்சு!

நான் பண்ண இருந்த காரியத்தைச் சொல்றேன், சிரிக்காதீங்க. 000001-னு பேர்ல ஒரு பெரிய ஃபைல் கிடந்தது. குப்பைன்னு நினைச்சு டெலீட் பட்டன் மேல மவுஸைக் கொண்டு போயிட்டேன். சர்வரைப் பார்த்துக்கிற அண்ணன் என் கையைப் பிடிச்சுட்டார்.

"அதுல கை வெச்சராத கண்ணு. மூணு வாரத்துக் கணக்கு பூரா அதுக்குள்ளதான் இருக்குது."

அவர் பண்ணினது வேற. சும்மா ஓடிக்கிட்டிருந்த டெஸ்ட் மெஷினை ஷட் டவுன் பண்ணினார். உடனே 16 ஜி.பி. இடம் கிடைச்சது! எப்படி? மெஷின் ஓடும்போது அதோட மெமரி அளவுக்கு ஒரு ஸ்வாப் ஃபைல் டிஸ்க்ல உட்கார்ந்திருக்கும். மெஷினை அணைச்சா அது போயிடும். இதை எங்க சிலபஸ்ல எந்த யூனிட்லயும் நான் பார்க்கலை. அப்புறம் 'மறுபடி முயற்சி' பட்டன். ஈ.ஆர்.பி. மூச்சு விட ஆரம்பிச்சது. சேர்க்கிற வேலையை உடனே ஆரம்பிப்பார்னு நினைச்சேன். இல்லை! முதல்ல அந்த வாரச் சம்பளப் பட்டியலை பிரின்ட் எடுத்தார். அடுத்து, டேட்டாபேஸை ஒரு யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க்குக்கு இறக்கினார். அதுக்கப்புறம்தான் மெஷினை அணைச்சுட்டு, டெல்டாவைப் பழைய டிஸ்க்கோட சேர்க்கக் கட்டளை கொடுத்தார். நாலு மணி நேரம். அதுல கடைசி ஒரு மணி நேரம் 99 சதவீதத்துலயே நின்னுச்சு. அந்த நேரத்துல கேன்சல் அமுக்காம உட்கார்ந்திருக்கிறதுக்கு தனி தைரியம் வேணும் பாஸ்!

அந்த இடைவெளியில பேக்கப் இருக்கிற நாஸ் பாக்ஸைத் திறந்து பார்த்தோம். முன்னாடி நாலு பச்சை லைட் அழகா எரியுது. அது சொல்றது 'டிஸ்க் நல்லா இருக்கு'ன்னு மட்டும்தான். உள்ளே உங்க டேட்டா இருக்கான்னு அதுக்குத் தெரியாது. பாக்ஸ் நிரம்பி வழிஞ்சிருந்தது. கடைசி நல்ல பேக்கப் 24 நாளுக்கு முந்தினது. ஒவ்வொரு ராத்திரியும் பேக்கப் ஃபெயில்னு சாஃப்ட்வேர் ஒழுங்கா மெயில் அனுப்பியிருக்கு. 23 மெயில்! எல்லாமே எப்பவோ வேலையை விட்டுப் போன ஒருத்தரோட ஐ.டி.க்கு.

சின்ன கம்பெனின்னா இப்படித்தான்னு உதட்டைப் பிதுக்காதீங்க. 2017 ஜனவரி 31. உலகம் பூரா புரோகிராமர்கள் கோடு வெச்சிருக்கிற கிட்லேப். ராத்திரி நேரத்துல ஒரு இன்ஜினீயர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிச்சுட்டார். சுமார் 300 ஜி.பி.யில மிஞ்சினது 4.5 ஜி.பி. பேக்கப்புக்கு அஞ்சு வழி வெச்சிருந்தாங்க, ஒண்ணும் உருப்படியா கைகொடுக்கலை. டேட்டாபேஸ் சாஃப்ட்வேரும் பேக்கப் கருவியும் வேற வேற வெர்ஷன்ங்கிறதால பேக்கப் தினமும் ஃபெயில். அதைச் சொல்ற மெயிலும் திருப்பி அனுப்பப்பட்டு யார் கைக்கும் வரலை! வேற ஒரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி யாரோ கையால எடுத்து வெச்ச ஒரு காப்பிதான் காப்பாத்துச்சு. மறைக்காம, மீட்கிற வேலையை யூடியூப்ல லைவா காட்டினாங்க பாருங்க, அங்கதான் எனக்கு அவங்களைப் பிடிச்சது.

டெல்லி எய்ம்ஸ் இன்னும் பெரிய கதை. 2022 நவம்பர் 23 காலையில ரேன்சம்வேர் புகுந்து அஞ்சு சர்வரைப் பூட்டிடுச்சு. ஓ.பி. சீட்டு, லேப் ரிப்போர்ட் எல்லாம் கையால எழுத வேண்டிய நிலைமை. ரெண்டு வாரம் கழிச்சுத்தான் பெரும்பாலான சேவைகள் திரும்புச்சு. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர்ல இருந்து டேட்டாவை எடுத்து, புது சர்வர்கள்ல ஏத்தினதா அரசு பார்லிமென்ட்ல சொன்னது. அந்த ஒரு சர்வரும் அதே பூட்டுல மாட்டியிருந்தா?

நம்ம டெலீட் பட்டன் மேட்டருக்கும் ஒரு பெரிய அண்ணன் உண்டு. 2023 பிப்ரவரியில வி.எம்.வேர் சர்வர்களை மட்டும் குறிவெச்சு ஒரு ரேன்சம்வேர் வந்தது. அது நுழைஞ்ச ஓட்டையை அடைக்கிற பேட்ச், ரெண்டு வருஷம் முன்னாடியே வெளியானது! முதல் அலையில பல இடங்கள்ல சின்னச் சின்ன விவர ஃபைல்களைத்தான் அது பூட்டியிருந்தது. பெரிய டிஸ்க் ஃபைல் அப்படியே இருந்தது. அமெரிக்காவோட சி.ஐ.எஸ்.ஏ. அமைப்பு, விவர ஃபைலைத் திரும்ப உருவாக்குற ஒரு ஸ்கிரிப்ட்டை இலவசமாவே கொடுத்தது. பதறிப்போய் ஃபார்மேட் பண்ணினவங்களுக்கு அதால என்ன பிரயோஜனம்?

திருப்பூருக்கு வருவோம். மதியம் ஓவர்லாக் லைன்ல இருந்து ஒரு அக்கா வந்து எட்டிப் பார்த்தாங்க. "கம்ப்யூட்டர் ரிப்பேருன்னாங்க... எங்க கணக்கெல்லாம் இருக்குதுங்களா?"ன்னு கேட்டுட்டு, பர்ஸ்ல இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாங்க. தேதி, ஸ்டைல் நம்பர், எத்தனை பீஸ்... எல்லாம் பென்சில்ல. வேற மீடியம், வேற இடம், கரன்ட் போனாலும் கவலையில்லை. மூணு காப்பி, ரெண்டு வித மீடியம், ஒண்ணு வெளியிடத்துலன்னு '3-2-1' விதி ஒண்ணு உண்டு. அதைப் பிரபலமாக்கினவர் பீட்டர் க்ரோ என்கிற போட்டோகிராபர். அவரை அந்த அக்காவுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லை!

சாயங்காலம் ஆறரைக்குச் சம்பளம் போட்டாச்சு. நோட்டும் பட்டியலும் அந்த அக்காவுக்குச் சரியா இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அண்ணன் ஒரு காரியம் பண்ணினார். நாஸ்ல பழசைக் கழிச்சுட்டுப் புதுசா எடுத்த பேக்கப்பை, ஒரு பழைய டெஸ்க்டாப்ல ஏத்திப் பார்க்கச் சொன்னார். லேப்டாப் இருந்தா நீங்களும் விர்ச்சுவல்பாக்ஸ்ல செஞ்சு பார்க்கலாம், காசு கிடையாது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை ஒரே பென் டிரைவ்ல வெச்சிருக்கிற மகராசன்கள் முதல்ல பண்ணுங்க.

எங்க ரீஸ்டோர் முதல் ஸ்டெப்லயே நின்னுடுச்சு. பேக்கப்பைத் திறக்க பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டு எங்க இருக்குன்னு கேட்டேன். ஒரு எக்ஸெல் ஷீட்ல. அந்த ஷீட் எங்க? ஃபைல் சர்வர்ல, அதாவது அதே பேக்கப்புக்கு உள்ளே!

இப்போ அது ஒரு வெள்ளைத் தாள்ல எழுதி, அக்கவுன்ட்ஸ் ரூம் பீரோவுல செக் புக் பக்கத்துல இருக்கு.