படிப்படியாகவா? யார் முதுகில்?

சமீபத்தில் ஒரு கூட்டத்தில் நண்பரொருவர் பேசினார்: "பிரான்சுல தலை உருண்டுச்சு. பிரிட்டனப் பாருங்க, படிப்படியா, அமைதியா ஒரு தேசமா வளர்ந்துச்சு." கைதட்டினார்கள். எனக்குத் தட்டத் தோன்றவில்லை. 1649இல் லண்டனில் மன்னன் முதலாம் சார்லஸின் தலையை வெட்டினார்களே, அது எந்தப் படியில் வருது?

படி என்றால் மிதிபடுகிற ஒன்று இருந்தாக வேண்டும் தோழர்களே. மிதிபட்டது யார்?

வேல்சில் 1536 சட்டம் நீதிமன்றத்துக்கு ஆங்கிலத்தை மொழியாக்கியது. வேல்ஸ் மொழி மட்டுமே பேசுபவனுக்கு அரசுப் பதவி கிடையாது என்றது. முந்நூறு வருஷம் கழித்தும் விடவில்லை. 19ஆம் நூற்றாண்டில், பல பள்ளிகளில், தாய்மொழியில் வாய் திறந்த பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். அடுத்து எந்தப் பிள்ளை பேசி மாட்டுகிறதோ அதன் கழுத்துக்குத் துண்டு மாறும். பள்ளி விடும்போது யாரிடம் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. பிள்ளையை வைத்தே பிள்ளையைப் பிடிக்கிற தந்திரம். இதுக்குப் பேரு அமைதியாம்.

ஸ்காட்லாந்துக்கு 1603இல் இங்கிலாந்தோடு ஒரே மன்னன், 1707இல் ஒரே நாடாளுமன்றம். டேரியன் குடியேற்றத்தில் பணத்தை இழந்த மேட்டுக்குடியை வழிக்குக் கொண்டுவர, ஸ்காட்லாந்துக்கு 3,98,085 பவுன் தர ஒப்பந்தமானது. ஈடு பெற்றவர்களில் அந்த முதலீட்டாளர்களும் உண்டு. 1706இலேயே எடின்பரோ, கிளாஸ்கோ தெருக்களில் ஜனங்கள் கலகம் செய்தார்கள். அவர்களை எவன் கேட்டான்?

அதற்காக ஸ்காட்லாந்துக்காரன் எல்லாருமே பாவப்பட்டவன் என்று நான் சொல்லவில்லை. கிளாஸ்கோ புகையிலை வியாபாரி அமெரிக்க அடிமைகளின் உழைப்பில் கொழுத்தவன். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சதர்லாந்தில் குடியானவர்களைத் துரத்தி, வீடுகளைக் கொளுத்தி, ஆட்டுப் பண்ணைக்கு நிலம் விட்டது ஸ்காட்லாந்துப் பிரபு குடும்பம்தான். தேசம் மேலே கூடிக் கட்டப்படுகிறது; இடிபடுகிற வீடு கீழே இருக்கிறது.

அயர்லாந்து? 1799இல் இணைப்பு வேண்டாம் என்று சொன்ன டப்ளின் மக்களவை 1800இல் வேண்டும் என்றது. இடையில் பிரபுப் பட்டங்கள் கைமாறின. ஒழிக்கப்படும் தொகுதி ஒவ்வொன்றுக்கும் அதைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு 15,000 பவுன் பேசப்பட்டது. பெரும்பான்மைக் கத்தோலிக்கர் 1829 வரை நாடாளுமன்றத்தில் உட்கார முடியவில்லை. 1845இல் தொடங்கிய பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அப்போதும் தானியம் கப்பலேறியது. 'ஒரே தேசத்து' மக்கள்தானே அவர்கள்?

1922இல் அயர்லாந்தின் பெரும்பகுதி பிய்த்துக்கொண்டு போனது. 2014இல் ஸ்காட்லாந்து பிரிவினை வாக்கெடுப்பில் 45 சதவீதம் 'பிரிவோம்' என்றது. அமைதியாக வளர்ந்ததாகச் சொல்கிற மரத்தில் இத்தனை வெட்டுக்காயமா?

மாணவத் தோழர்களே, 'படிப்படியாக' என்று எந்தப் புத்தகம் சொன்னாலும் அந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்துங்கள். ஏறியவன் பேர் அதில் இருக்கும். மிதிபட்டவன் பேரை நாமதான் எழுதணும்.