பழைய கூரையை இறக்குமுன்

பிறந்த ஊரை விட்டு வந்து, பல்லாண்டுச் சேமிப்பில் நகரின் ஓரத்தில் சிறு மனை வாங்கி, நான்கு சுவர் எழுப்பி, ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்து குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே பல. அத்தகடுகள் நாளடைவில் விரிசல் கண்டு ஒழுகத் தொடங்குகின்றன. கூரையை மாற்ற விரும்பும் அன்பர்கள் புதிய கூரைக்கு விலை விசாரிக்கின்றனர். பழையதை எவ்வாறு இறக்குவது என்று வினவுவார் மிகச் சிலரே.

ஆஸ்பெஸ்டாஸ் என்பது கல்நார். அதனைச் சிமெண்டுடன் கலந்து தகடாக்குகின்றனர். தகடு முழுமையாக உள்ளவரை நார் பெரும்பாலும் சிமெண்டினுள் அடங்கிக் கிடக்கும். சம்மட்டியால் உடைத்தாலோ, அறுத்தாலோ, கண்ணுக்குப் புலனாகாத இழைகள் காற்றிற் பரவி நுரையீரலை அடையும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிக்க வல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்துள்ளது. அந்நோய் 20, 30 ஆண்டுகள் கழித்தும் வெளிப்படும். ஆதலின், இன்று இருமல் இல்லையே என்று அமைதி கொள்ளலாகாது.

மொத்தக் கூலி பேசிவிட்டால், வேலை விரைவில் முடியத் தகடுகளை உடைத்துத் தள்ளுவதே வழக்கமாகிவிடுகிறது. எனவே, பேசும்பொழுதே பின்வருவனவற்றை மேஸ்திரியிடம் உறுதி செய்துகொள்க.

1. தகடுகளை நீர் தெளித்து நனைத்த பின்னரே தொடவேண்டும். போல்ட்டுகளைக் கழற்றி, தகடுகளை முழுதாகக் கையால் இறக்கவேண்டும்.

2. தகட்டின்மீது எவரும் நேரே கால் வைக்கலாகாது. பழைய தகடு திடீரென முறியும். ஆள் தரையில் வீழ்வார். சட்டங்களின்மேல் பலகையிட்டே நடக்கவேண்டும்.

3. முகத்திற் கட்டும் துண்டு இத்தூசியைத் தடுக்காது. நுண்தூசியைத் தடுக்கும் சுவாசக் கவசம் வாங்கித் தருக.

4. வேலை நடைபெறுகையில் குழந்தைகளை அப்புறப்படுத்துக. உலர்ந்த துடைப்பத்தாற் பெருக்கற்க. ஈரத் துணியால் துடைக்க. வேலை செய்தவரின் உடைகளைத் தனியே நனைத்துத் துவைக்கவேண்டும்.

5. உடைந்த துண்டுகளைத் தடித்த பாலிதீன் உறையிலிட்டுக் கட்டுக. அவற்றை எங்கு ஒப்படைப்பது என்று நகராட்சியில் முன்னரே கேட்டறிக. பள்ளம் நிரப்பவோ, மாட்டுக் கொட்டகை வேயவோ பிறருக்குக் கொடுத்தல் தகாது.

புதிய கூரையைப் பற்றியும் ஒரு சொல். இரும்புத் தகடு பழையதினும் எடை குறைந்தது. காற்று தூக்காதிருக்கச் சட்டத்துடன் நெருக்கமாகத் திருகு முடுக்கவேண்டும். கான்கிரீட் தளமோ, 10 சென்டிமீட்டர் கனத்திற்கே சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ எடையுள்ளது. தகட்டுக் கூரைக்கென எழுப்பிய சுவரும் அஸ்திவாரமும் அதனைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொன்ன பின்னரே முன்பணம் கொடுங்கள்.

இவ்வாறு செய்தால் கூலி இரண்டொரு நாளைக்குக் கூடுதலாகும். ஏணியில் ஏறுபவரும் பெரும்பாலும் நம்மைப் போலவே பிழைப்பு நாடி வந்தவர். அவருக்கும் வீட்டில் குழந்தைகள் உண்டு. கூரைக்கென ஒதுக்கும் தொகையில் அந்த இரண்டு நாட்கூலியையும் முதலிலேயே சேர்த்துக் கணக்கிடுவீர்களாக.