காங்ரியும் கரண்ட் பாக்கியும்

காஷ்மீரில் மின்வெட்டு என்று செய்தி வந்தாலே, "அவங்க பில் கட்டறதில்லை சார்" என்று நம்மில் பலரும் சொல்லிவிடுகிறோம். பாக்கி இருப்பது உண்மைதான். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிருக்கு அங்கே சில்லாய் கலான் என்று பெயர். அப்போது பனி உருகாமல் மலையிலேயே கிடக்கும். ஆற்றில் தண்ணீர் குறையும். அங்குள்ள நீர்மின் நிலையங்களில் பெரும்பாலானவை ஓடும் ஆற்றை நம்பியவை. வீட்டுக்கு வீடு ஹீட்டர் போடும் நேரம் பார்த்து உற்பத்தி படுத்துவிடும்.

இன்வெர்ட்டர் இருப்பவர் ஓரளவு சமாளிப்பார். இல்லாதவருக்குக் காங்ரிதான்: பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, அதில் கரி நெருப்பு. கதவு சாத்திய அறையில் கரி எரிந்தால் விஷவாயு சேரும். ஆளையே கொல்லும்.

விவசாயக் கடனுக்கு அறுவடையைப் பார்த்துத்தான் தவணை வைக்கிறோம். கரண்டுக்கும் அதே கணக்குதான். கோடையில் மிஞ்சுவதை வெளி மாநிலங்களுக்குக் கொடுத்து, குளிரில் திரும்ப வாங்கும் முறை ஏற்கெனவே உண்டு. அதற்குப் பெயரே 'பேங்கிங்'! அதைக் கூட்டுங்கள். பாக்கியைக் கோடையில் கறாராக வசூலியுங்கள். உறைபனியில் ஒயரைப் பிடுங்குவது வசூல் இல்லைங்க, தண்டனை. அதுவும் ஒழுங்காகப் பில் கட்டியவருக்கும் சேர்த்து!