ஆட்டின் வயிற்றில் இருவகைப் புழுக்கள்

ஐயம்பேட்டை, வாலாஜாபாத் பக்கங்களில் அறுவடைக்குப் பின் நிலத்தில் ஆட்டுக்கிடை மடக்குவதன் பிரயோஜனத்தை மிராசுதாரர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் கிடைக்கு வரும் சென்னைச் சிவப்புச் செம்மறிகள் எருவுடன் புழுமுட்டைகளையும் விட்டுச் செல்கின்றன. வடகிழக்குப் பருவமழையின் ஈரம் ஏரி உள்வாயில் நிற்குமட்டும் அவை பொரித்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் புல்லின்மேல் ஏறி, அடுத்த ஆட்டின் வாய்க்குக் காத்திருக்கின்றன.

இவற்றுள் மிகக் கொடியது, நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் என்னும் புழு. பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடும். ஆடு வெளுத்து, தாடையின் கீழ் நீர் கட்டி மடியும்.

இதற்கு மந்தை முழுவதற்கும் மருந்து ஊற்றி, உடனே புதுப்புல்லுக்கு ஓட்டுவதே உத்தமம் என்று வெகுகாலம் கூறப்பட்டு வந்தது. அவ்வழக்கத்தைக் கைவிட வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஓர் ஆட்டின் வயிற்றிலுள்ள புழுக்கள் யாவும் ஒரே தன்மையின அல்ல. மருந்துக்கு மடிவனவும் மடியாதனவும் கலந்தே வாழ்ந்து, ஒன்றோடொன்று இணைந்து முட்டையிடுகின்றன. அல்பெண்டசோல், பென்பெண்டசோல் வகை மருந்துகளைத் தாங்கும் குணம் தாய், தந்தை இருவழியாகவும் வந்தாலன்றிப் பூரணமாய் அமைவதில்லை. ஒருவழியில் மட்டும் அதைப் பெற்ற புழு, சரியான அளவு மருந்துக்குப் பெரும்பாலும் மடிந்துவிடும். ஆகவே மடியும் புழுக்கள் வயிற்றிலும் புல்லிலும் மிகுந்திருப்பது ஒருவகைக் காவல். எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றினால் அக்காவல் அழிகிறது. எஞ்சியவை தம்முள்ளேயே கூடுகின்றன. புதுப்புல்லில் விழும் முட்டை முழுவதும் அவற்றினுடையதே. வளர்ந்த புழுக்கள் இருக்கையில் அடங்கிக் கிடக்கும் இளம்புழுக்களும், அவை ஒழிந்தபின் எழும்புவதுண்டு.

இவ்வின மருந்துகளில் முதலாவதான தயபெண்டசோல் 1961-இல் வெளிவந்தது. 1964-இலேயே அமெரிக்காவில் அதற்கு அடங்காத ஹீமாங்கஸ் காணப்பட்டது. தமிழ்நாட்டு மந்தைகளிலும் இவ்வகை மருந்துகளுக்கு அடங்காத புழுக்கள் இருப்பது பின்னர் உறுதியாயிற்று.

புழுவை வேண்டுமென்றே விட்டுவைப்பது, திருடனுக்குத் திண்ணையில் இடங்கொடுப்பதாகாதா என்று குடியானவர் கேட்பது நியாயமே. ஆயினும் மந்தையில் சிறுபகுதி ஆடுகளே பெரும்பாலான புழுக்களைச் சுமக்கின்றன. கீழ் இமையை விலக்கிப் பார்த்து, உட்புறம் வெளுத்தவற்றுக்கு மட்டும் மருந்து கொடுக்கும் முறை தென்னாப்பிரிக்காவில் வகுக்கப்பட்டு, பல நாடுகளில் கையாளப்படுகிறது. சிவந்த கண்ணுடைய கொழுத்த ஆட்டை விட்டுவைப்பதால் நஷ்டம் சொற்பம். குட்டிகளையும் ஈன்ற ஆடுகளையும் மட்டும் அடிக்கடி பார்த்துவர வேண்டும். தட்டைப்புழு, உண்ணி முதலியவற்றாலும் கண் வெளுக்குமாதலால் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

கண்மதிப்பில் எடை பார்த்து மருந்தைக் குறைத்து ஊற்றுவது மற்றொரு கேடு; ஒருவழிக் குணம் பெற்ற புழுவும் அதனால் பிழைத்துக்கொள்ளும். வெள்ளாட்டுக்குச் செம்மறியின் அளவு பெரும்பாலும் போதாது.

மேய்ச்சல் பொதுவாயிருக்கும் கிராமத்தில் ஒருவர் வளர்த்த புழு ஊராருக்கெல்லாம் உரியதாகிறது. ஆகையால் கிராம அதிகாரிகள், மருந்து ஊற்றிய ஆடுகளின் தொகையைக் கண்டு திருப்தியடைதல் போதாது. மருந்துக்கு முன்னும், 10 முதல் 14 நாட்கள் கழித்தும், சில ஆடுகளின் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்துக்கு அனுப்பி முட்டைகளை எண்ணுவிக்க வேண்டும். நூற்றுக்கு 95 பங்கேனும் குறையாவிடில், அம்மருந்தை அவ்வூரில் மேலும் வாங்குவது வீண்செலவு.